பெட்ஷீட்டின் இன்னொரு முனை

நவம்பர் 10, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. கிள்ளான் பாலத்தில் ஜாம். லோரி தாமதம். பாய்லர் காலையிலேயே மக்கர்.

டீ நேரத்துக்கு முன்னால் லெட்சுமி அக்கா என் ஆபீஸ் கதவருகில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. "மாசக் கடைசியோட நின்னுக்கிறேன் வசந்தி. முன்னாடியே சொல்லணும்ல, அதான்." சொல்லிவிட்டுப் போய்விட்டார். சாப்பிட்டியா என்று கேட்கிற அதே குரல்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

பின்னாலேயே ஓடினேன். சம்பளமா? "இல்லம்மா." யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களா? "சேச்சே." வேற கம்பெனிக்காரன் கூப்பிட்டானா? அதற்குச் சிரித்தார். "என்னை எவன் கூப்பிடுவான்? வயசாச்சு, அவ்ளோதான் லா."

ஐம்பத்து மூன்றெல்லாம் ஒரு வயசா?

ஹோட்டல் பெட்ஷீட், டவல் துவைத்து அனுப்புகிற எங்கள் டோபியில் அவர் எனக்கு முன்னால் சேர்ந்தவர். நானும் அதே மடிக்கும் மேசையில் அவர் பக்கத்தில் நின்றவள்தான். பிறகு ஸ்டோர், பிறகு ஆபீஸ், இந்த வருஷம் நோன்புப் பெருநாள் முடிந்து மேனேஜர். எனக்கு நாற்காலி வந்தது. அவருக்கு அதே மேசை.

முதலாளி மிஸ்டர் லிம்மிடம் சொன்னேன். "வேற ஆள் தேடு லா. மடிக்கிற வேலைதானே."

மடிக்கிற வேலைதானே! இவர் போனால் இந்தோனேசியாக்காரி யாத்தியும் மூட்டை கட்டுவாள். இரண்டு பேரும் ஒட்டிப் பிறக்காத குறை. அப்புறம் ஒவ்வொருத்தியாக. அதுகூட இரண்டாம் பட்சம். அந்த மேசையில் அவர் இல்லாமல் ஒரு திங்கட்கிழமையை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அதுதான் விஷயம்.

நாளைக்கும் மறுநாளும் பிரிக்பீல்ட்ஸில் தலைமைத்துவப் பயிற்சி. கம்பெனி செலவு. நல்ல நேரம் பார்த்து அனுப்புகிறார்கள்.

(இனி லெ.அ. என்று எழுதுகிறேன். கை வலிக்கிறது.)

நவம்பர் 11, செவ்வாய்

கொமுட்டர் ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. அதிசயம்.

ஹோட்டல் ஹாலில் ஏசி உயிரை எடுத்தது. சால்வை கொண்டு போயிருக்கலாம். பயிற்சி கொடுப்பவர் சட்டையில் மைக் குத்தியவர், உட்காரவே மாட்டார். என் மேசையில் ஒரு பேங்க்கார அம்மா, சூப்பர்மார்க்கெட் தம்பி ஒருவன். தம்பிக்குக் கீழே நாற்பது பேராம். "யாரும் பேச்சு கேக்க மாட்றாங்க ஆன்டி." எனக்கும் அதே நோய் என்றேன். ஆன்டி என்றதை மன்னித்துவிட்டேன்.

எழுதிக்கொண்டவை:
பாராட்டு பத்துப் பேர் முன்னால். கண்டிப்பு தனியாக.
ஆம், இல்லை என்று பதில் வருகிற கேள்வி கேட்காதே.
ஆட்கள் கம்பெனியை விட்டுப் போவதில்லை, மேனேஜரை விட்டுத்தான் போகிறார்கள்.

மூன்றாவதை எழுதிவிட்டுப் பேனாவை மூடி வைத்தேன்.

மத்தியானம் வாழை இலைச் சாப்பாடு. மீன் குழம்பு பிரமாதம், ரசம் சுமார்.

சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு பயிற்சி. உங்களிடம் வேலை செய்கிற ஒருவரை நினைத்துக்கொண்டு, அவரிடம் உங்களுக்குப் பிடித்ததை எழுதுங்கள். நான் எழுதியது: யார் சாப்பிடாமல் வந்திருக்கிறாள் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார். எப்போதும் ஒரு பாட்டை முணுமுணுப்பார், இப்போதெல்லாம் கொஞ்சம் சத்தமாகவே, சுருதி அதுபாட்டுக்கு அது. யாத்தியோடு பெட்ஷீட் மடிக்கும்போது இருவரும் பேசவே மாட்டார்கள். இவர் அந்த முனையைப் பிடித்தால் அவள் இந்த முனை. ஒரு இழுப்பு, ஒரு உதறல், நாலு எட்டு நடந்து கை மாற்றினால் மடிப்பு முடிந்தது. பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

பேங்க்கார அம்மா எட்டிப் பார்த்து, "யாரு, உங்க அம்மாவா?" என்றார்.

நவம்பர் 12, புதன்

இன்று சாண்ட்விச் பாடம். முதலில் ஒரு பாராட்டு, நடுவில் குறை, கடைசியில் மறுபடி பாராட்டு. ஜோடி ஜோடியாக நடித்துப் பார்த்தோம். சூப்பர்மார்க்கெட் தம்பி என்னைத் திட்ட வேண்டும். "ஆன்டி, உங்க சேலை அழகா இருக்கு, நீங்க தினமும் லேட்டு, உங்க வளையலும் அழகா இருக்கு." ஹாலே சிரித்தது.

திரும்பும்போது ரயிலில் நின்றபடியே யோசித்தேன். லெ.அ.வை நாம் எப்போதாவது பத்துப் பேர் முன்னால் பாராட்டியிருக்கிறோமா? இல்லை. இருக்கட்டும், செய்கிறேன். மாதத்தின் சிறந்த ஊழியர். போட்டோ, சட்டம், சுவர், சான்றிதழ். மனசு மாறாமலா போய்விடும்?

கட்டிக் கொடுத்த சோறும் சொல்லிக் கொடுத்த சொல்லும் எத்தனை நாளைக்கு என்பார்கள். சோறு கெடுவதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும்.

நவம்பர் 13, வியாழன்

வெயில். இரண்டு நாள் இல்லாததற்கு வட்டியும் முதலுமாக வேலை.

செப்டம்பரில் நான் போட்ட புது ரோஸ்டர் அட்டவணைப்படி வாரம் ஒரு முறை ஜோடி மாறும். எல்லாரும் எல்லாருடனும் வேலை பழகட்டும் என்று நான்தான் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் போட்டேன். மிஸ்டர் லிம்கூட "குட்" என்றார். அவரிடமிருந்து "குட்" வாங்குவது லேசில்லை. இந்த வாரம் லெ.அ.வுக்கு ஜோடி கவிதா. சேர்ந்து ஆறு மாதம், சுறுசுறுப்பு, வாய் நீளம்.

பதினோரு மணி வாக்கில் கிங் சைஸ் பெட்ஷீட் தரையில் விழுந்தது. இன்று இது முதல் தடவை இல்லை. மறுபடி துவைக்கப் போனது. கவிதா என்னிடம் வந்து மூச்சு வாங்கினாள். "அக்கா, நான் 'விடுங்க, விடுங்க'ன்னு கத்துறேன், அவங்க விட மாட்றாங்க. கூப்பிட்டா திரும்புறதே இல்ல. சீனியர்னு ஈகோ."

சரி, சாண்ட்விச்சை எடுத்தேன். லெ.அ.வை ஆபீஸுக்குக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். "அக்கா, உங்க வேலை எப்பவும் சுத்தம். இப்ப கொஞ்சம் கவனம் கம்மியா இருக்கு. ஆனா உங்க அனுபவம் எங்களுக்குப் பெரிய பலம்."

என்னை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "துணி விழுந்துச்சுன்னு நேரா சொல்லேன்மா. எதுக்குச் சுத்தி வளைக்கிற?" எழுந்து போய்விட்டார்.

எனக்கு வந்ததே கோபம். போகிறவர் போகட்டும். எவ்வளவு பேசினாலும் செவிடன் காதில் ஊதின சங்கு.

வீட்டில் இவரிடம் சொன்னேன். "நீ அவங்களோட உக்காந்து சாப்பிட்டு எவ்ளோ நாளாச்சு?" என்றார். மேனேஜரானதிலிருந்து ஆபீஸிலேயே சாப்பிடுகிறேன். போன் வரும், மெயில் வரும். எழுந்து பாத்திரம் கழுவப் போனேன்.

நவம்பர் 14, வெள்ளி

கோபம் போய்விட்டது. எனக்கு அது அப்படித்தான்.

போட்டோ எடுத்தேன். லெ.அ. தலையைச் சீவிக்கொண்டு, பொட்டைச் சரிசெய்துகொண்டு வந்தார். "என்னைப் போயி எதுக்கும்மா சுவத்துல மாட்டுற?" வாய் அப்படிச் சொன்னது, கை முந்தானையை இழுத்துவிட்டது. சிரிக்கச் சொன்னேன். சிரித்தார். நல்ல படம்.

கிள்ளான் டவுனில் தங்கக் கலர் சட்டம் போட்டு வாங்கி, பஞ்ச் கார்ட் மெஷினுக்கு மேலே மாட்டியாயிற்று. சான்றிதழ் திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில்.

யாத்தி போகிறபோதும் வருகிறபோதும் படத்தைத் தொட்டுப் பார்க்கிறாள். இத்தனை வருஷம் எங்களோடு இருந்ததில் அவளுக்கு அரைகுறைத் தமிழ் வரும். "அக்கா சாந்தேக்! ரொம்ப அழகு!"

லெ.அ.வின் லாக்கர் திறந்திருந்தது. உள்ளே குவளையைக் காணோம். வீட்டுக்கு ஒவ்வொன்றாக எடுத்துப் போகிறார். செருப்பு மட்டும் இருந்தது. பார்க்காத மாதிரி வந்துவிட்டேன்.

நவம்பர் 17, திங்கள்

எங்கே ஆரம்பிப்பது?

சனி, ஞாயிறு கல்யாண மேசைத் துணிகள் காலையில் வந்திறங்கின. அதில் என்னென்னவோ வரும். ஸ்பூன், பிள்ளைகளின் காலுறை, ஒரு தடவை பல் செட். இன்று ஒரு பையில் வாடாத ரோஜா மாலை. கூடவே, மேசை அலங்காரத்துக்கு வைக்கிற பேட்டரி மெழுகுவர்த்திகள்.

யாத்தி கண்ணில் பட்டுவிட்டது. மாப்பிள்ளைக்குப் போடுகிறார்கள், மந்திரிக்குப் போடுகிறார்கள், சாமிக்குப் போடுகிறார்கள். தன் அக்காவுக்குப் போட்டால் என்ன? நாற்காலி மேல் ஏறி லெ.அ.வின் போட்டோவுக்கு மாலையைப் போட்டு, கீழே பஞ்ச் கார்ட் மெஷின் மேல் இரண்டு மெழுகுவர்த்தியை ஏற்றியும் வைத்துவிட்டாள். அவளுக்கு அது மரியாதை. நமக்கு அது...

நான் கூட்டத்துக்கு வந்தால் கவிதா வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள். பெண்கள் எல்லாரும் உறைந்து போய். "ஐயோ, எடுங்கடி!" என்று யாரோ. அதற்குள் "அக்கா வர்றாங்க!"

லாக்கர் பக்கத்திலிருந்து லெ.அ. வந்துகொண்டிருந்தார், கையில் பஞ்ச் கார்டோடு. தலை குனிந்து, ஏதோ பாட்டு. எங்களைத் தாண்டிப் போகிறார். எல்லாரும் இந்தப் பக்கம் இருந்து கத்தினோம். "அக்கா! அக்கா, இங்க வாங்க! அங்க போகாதீங்க!" நானும் தொண்டை கிழியக் கத்தினேன். மெஷின் இன்னும் ஓட ஆரம்பிக்கவில்லை, கத்தியது வாசல் வரை கேட்டிருக்கும்.

அவர் திரும்பவில்லை. பாட்டும் நிற்கவில்லை.

"பாத்தீங்களா, வேணும்னே" என்றாள் கவிதா.

அப்போது எதிரே நின்ற யாத்தி கையை இடுப்பளவுக்குத் தாழ்த்தி இரண்டு தடவை அசைத்தாள். சின்ன அசைவு. லெ.அ. உடனே நிமிர்ந்தார்.

எனக்குப் பொறி தட்டியது. ஈகோவா? கவனக் குறைவா? இந்தப் பக்கம் இத்தனை பேர் கத்தியது அவருக்குக் கேட்கவே இல்லை. யாத்தியின் கை தெரிந்தது, அவ்வளவுதான்.

நிமிர்ந்தவர் மாலையைப் பார்த்தார். மெழுகுவர்த்தியைப் பார்த்தார்.

"ஏன்டி யாத்தி, நான் மாசக் கடைசிலதானே போறேன். இப்பவே அனுப்பிட்டியா?"

சொல்லிவிட்டுச் சிரித்தார் பாருங்கள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மூட்டை மேலேயே உட்கார்ந்து. நாங்களும் சிரித்தோம். கவிதாதான் யாத்திக்கு மலாயில் விளக்கினாள், செத்தவர்கள் படத்துக்குத்தான் இப்படிப் போடுவோம் என்று. யாத்தியின் முகம் செத்துவிட்டது. ஓடிப்போய் லெ.அ.வின் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். "அக்கா சாக வேணாம். அக்கா போக வேணாம்."

லெ.அ. மாலையைக் கழற்றி அவள் கழுத்தில் போட்டார். பிறகு பக்கத்திலிருந்த டவலை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரித்ததில் வந்த தண்ணீர் மட்டும் இல்லை அது.

சான்றிதழை நான் கொடுக்கவில்லை. மேசை இழுப்பறையில் இருக்கிறது.

வியாழக்கிழமைப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். சங்காம், சங்கு. என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

நவம்பர் 18, செவ்வாய்

ஆபீஸுக்குக் கூப்பிடவில்லை. மத்தியானம் என் சோற்று டப்பாவை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனேன். அவரும் யாத்தியும் கவிழ்த்த கூடை மேல் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். யாத்தி வழக்கம் போல அவருக்கு வலது பக்கம். என்னைப் பார்த்ததும் எழுந்து இடம் விட்டுத் தண்ணீர் பிடிக்கப் போனாள். புத்திசாலி.

அந்த இடத்தில் நான் உட்கார்ந்தேன். என் கத்திரிக்காயை அவர் டப்பாவில் வைத்தேன். அவர் நெத்திலி சம்பாலை என் டப்பாவில். பழைய பழக்கம். அப்புறம் கேட்டேன். "எவ்ளோ நாளா கேக்கலக்கா?"

நான் வைத்த கத்திரிக்காயைச் சாப்பிட்டு முடித்தார்.

"இடது பக்கம் சுத்தமா போச்சு. இந்தப் பக்கம் கிட்ட வந்து பேசினா கேக்கும். வருஷக் கணக்காச்சும்மா."

"ஏன் சொல்லல?"

"சொன்னா என்ன பண்ணுவீங்க? மெஷின் பக்கத்துல நிக்கக் கூடாது, ஆபத்துன்னு பாத்ரூம் கழுவ அனுப்புவீங்க. இல்லன்னா பாவம்னு பாப்பீங்க. ரெண்டும் எனக்கு வேணாம். யாத்தி இருந்தா ஒண்ணும் கேக்கத் தேவையில்ல. தாடைய ஆட்டுவா, காலத் தட்டுவா, போதும். புதுப் பொண்ணுங்க கத்துதுங்க. எனக்கு வாய் அசையறதுதான் தெரியுது. அதுங்க முகத்துல எரிச்சல் தெரியுது."

என் ரோஸ்டர். நான் "குட்" வாங்கிய ரோஸ்டர்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல."

"நீ நல்லதுக்குத்தான் பண்ண. உன் முதல் ஐடியா. அதுல நான் போயி ஓட்டை சொல்லணுமா?"

சொல்லிவிட்டு, "சோறு ஆறுது, சாப்பிடு" என்றார். யாரிடமும் சொல்லக் கூடாது என்று கையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

போகாதீர்கள் என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. கேட்டால் எனக்காகச் சரி என்பார். அது வேண்டாம். அவருக்காக இருக்க வேண்டும்.

பாத்ரூமில் கொஞ்சம் அழுதேன். மேனேஜர்கள் அழுவதற்கென்று ஓர் இடம் கட்டித் தரலாம்.

நவம்பர் 19, புதன்

மழை. செய்ய வேண்டியவை: ரோஸ்டர். விளக்கு. கவிதா. லிம்.

சத்தியத்தையும் காப்பாற்ற வேண்டும், ஆளையும் காப்பாற்ற வேண்டும். மெஷினின் எச்சரிக்கை மணி அவருக்குக் கேட்காது என்று தெரிந்த பிறகு சும்மா இருக்க முடியுமா? எல்லாருக்கும் என்று செய்துவிட்டால் யாருக்காக என்று எவருக்கும் தெரியத் தேவையில்லை.

காலைக் கூட்டத்தில் கேட்டேன். "ரோஸ்டர் நான் போட்டது சரியா வரல. உங்களுக்கு யார்கூட மடிக்க வசதி?" ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். இப்படி ஒரு கேள்வியை நான் கேட்டதே இல்லை. பிறகு மீன் சந்தை. கால் மணி நேரத்தில் அவர்களே ஜோடி போட்டுவிட்டார்கள், என்னைவிட நன்றாக. லெ.அ., யாத்தி பெயரை ஒரே நேரத்தில் ஆறு பேர் சொன்னார்கள்.

மிஸ்டர் லிம்மிடம் மெஷினுக்குச் சிவப்பு விளக்கு கேட்டேன். மணி அடிக்கும்போது கூடவே மின்ன வேண்டும்.

"எதுக்குத் திடீர்னு?"

அவரைக் கூட்டிப்போய் இஸ்திரி மெஷின் பக்கத்தில் நிற்க வைத்து, ஒருத்தியிடம் மணியை அடிக்கச் சொன்னேன். "கேக்குதா பொஸ்?"

"என்னது?"

"மணி! கேக்குதா?"

"என்ன சொல்ற?"

விளக்கு திங்கட்கிழமை.

வெளியே வந்ததும் காதைத் தேய்த்துக்கொண்டே கேட்டார், "இவங்க எல்லாம் இதுலயேதான் நிக்கிறாங்களா, நாள் பூரா?" காதுக்கு மூடியும் எல்லாருக்கும் வாங்கச் சொன்னார். அவரையும் ஒரு நாள் பாராட்ட வேண்டும், பத்துப் பேர் முன்னால்.

நவம்பர் 21, வெள்ளி

போட்டோவைக் கழற்றச் சொல்லி லெ.அ. உத்தரவு. "ஒரு தடவ மாலை விழுந்த படம். எடுத்துரு." எடுத்துவிட்டேன். அந்தச் சட்டத்தில் இப்போது வேறு படம். அவரும் யாத்தியும் பெட்ஷீட்டை உதறும்போது கவிதா போனில் எடுத்தது. முகமே சரியாகத் தெரியவில்லை, நடுவில் வெள்ளைத் துணி மட்டும் காற்றில் உப்பி நிற்கிறது. இதை எடுக்கச் சொல்லி லெ.அ. உத்தரவு போடவில்லை. நின்று பார்த்தார்.

கவிதா. இவளிடம் நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை, சத்தியம். இன்று லெ.அ.விடம் ஏதோ கேட்க வேண்டியிருந்தது. மேசையை முழுதாகச் சுற்றிக்கொண்டு எதிரே போய் நின்று, முகத்தைப் பார்த்து, மெதுவாகக் கேட்டாள். என் கண்ணை அவள் பார்க்கவில்லை. நானும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். வாய் நீளம் என்று எழுதியதை வாபஸ் வாங்குகிறேன். கொஞ்சம் நீளம்தான், பரவாயில்லை.

காது டாக்டரிடம் போகலாமா என்று லெ.அ.விடம் கேட்டேன். "பாக்கலாம்." நான் கூட வருகிறேன் என்றேன். "பாக்கலாம்னு சொன்னேன்ல."

வேலையை விடுவது பற்றி மூச்சே இல்லை. நானும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது இவ்வளவு கஷ்டம் என்று பிரிக்பீல்ட்ஸில் சொல்லவில்லை. லாக்கரில் குவளை இன்னும் வரவில்லை. செருப்பு இருக்கிறது. தினமும் திருடி மாதிரி எட்டிப் பார்க்கிறேன்.

திங்கட்கிழமை காப்பாரிலிருந்து ஒரு பெண் நேர்முகத்துக்கு வருகிறாள், லெ.அ. இடத்துக்கு. மிஸ்டர் லிம் ஏற்பாடு.

நவம்பர் 24, திங்கள்

எலக்ட்ரீஷியன் வந்தான். விளக்கு எரிகிறது. மணி அடித்தபோது லெ.அ. விளக்கைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார், அப்புறம் துணியைப் பார்த்தார்.

காப்பார்ப் பெண் நல்ல மாதிரி. மோட்டார் சைக்கிளில் மழையில் நனைந்துகொண்டே வந்திருந்தாள். டவல் கொடுத்தேன், டீ கொடுத்தேன். எந்த வேலைக்கு என்று கேட்டாள். சொல்கிறேன் என்று அனுப்பி வைத்தேன்.

மத்தியானம் பின்கட்டில் நான்கு பேர் சாப்பாடு. கவிதாவும் வந்துவிட்டாள். யாத்தி கொண்டுவந்த தெம்பே, அவள் ஊர் சோயாப் பொரியல், ஒரே காரம், கண்ணில் தண்ணீர்.

வேலை விட்டு எல்லாரும் கிளம்புகிற நேரம். மழை கொட்டுகிறது. லெ.அ. மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு ஆபீஸ் கதவருகில் வந்து நின்றார். அன்றைக்கு நின்ற அதே இடம். இன்றைக்கு உள்ளே வந்தார்.

"வசந்தி, தைப்பூசத்துக்கு எனக்கு மூணு நாள் லீவு வேணும். பால்குடம் எடுக்கிறேன். இப்பவே சொல்லிட்டேன், அப்புறம் ஆள் இல்லன்னு மூஞ்சத் தூக்காத."

மாசக் கடைசியோடு போகிறவருக்கு எதற்குத் தைப்பூச லீவு?

எழுந்து மேசையைச் சுற்றி அவருடைய வலது பக்கம் போனேன். "எடுத்துக்குங்கக்கா!" என்றேன். கொஞ்சம் அதிகச் சத்தமாகவே வந்துவிட்டது.

"கேக்குது, கேக்குது. கத்தாத லா."